விட்டவளுக்கே அடுத்த பந்து

எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒரே ஓர் ஆளுக்குத்தான் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அது என் மாமிக்கு, அப்பாவின் தங்கைக்கு. போர்த்திய இடம் கோயிலும் அல்ல, கலைவிழா மேடையும் அல்ல. ஒஸ்லோவில், அம்மருட்டில், எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபம். வாசலில் நின்று வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்தது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்து பதின்மூன்று தொடங்கவிருந்தது. அதன் பிறகு என் வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு உற்சாகமாக நான் செய்ததில்லை.

மாமி பெண்பிள்ளைகளுக்கு ஹாண்ட்பால் பழக்கினார். கால்பந்தைக் காலால் அல்லாமல் கையால் ஆடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், மண்டபத்துக்குள் ஆடுவது. நோர்வேயில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கொரு பெண்பிள்ளையாவது தோளில் பையைக் கொழுவிக்கொண்டு ஹாண்ட்பாலுக்குப் போகும். நானும் போனேன். எங்கள் அணியில் நான் ஒரு நடுத்தரமான ஆட்டக்காரி. அதைவிட நடுத்தரமாக யாராவது இருந்தார்கள் என்றால், அது கண்ணாடி போட்ட ஒரு நோர்வேஜியப் பிள்ளை. உயரமான பிள்ளை, தன் உயரத்துக்காக எப்போதும் மன்னிப்புக் கேட்பதுபோல முதுகை வளைத்து நிற்பாள். கண்ணாடி விழாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டியைத் தலையைச் சுற்றிப் போட்டிருப்பாள்.

மாமி இந்த வேலைக்கு வந்த வழி நேரான வழி அல்ல. யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் காலத்தில் அவர் வலைப்பந்து ஆடியவர். வலைப்பந்தில் பந்தோடு ஓடக்கூடாது, நிலத்தில் தட்டக்கூடாது. பிடித்த இடத்திலேயே நின்று இன்னொருத்திக்கு எறியவேண்டும். ஒரு பெரிய ஆட்டத்தில் மாமியின் கையிலிருந்து பந்து நழுவிவிட்டது. உடனே ஆசிரியை அவரை வெளியே எடுத்துவிட்டு வேறொரு பிள்ளையை இறக்கினார். "அடுத்த மாட்சில பாப்பம்" என்றாராம். அடுத்த ஆட்டம் வருவதற்குள் இடப்பெயர்வு வந்துவிட்டது. அந்த மைதானத்தில் சனங்கள் கூடாரம் போட்டுச் சமைத்தார்கள். பிறகு மாமி அகதியாக அலைந்து, கொழும்பில் கிடந்து, நோர்வேயில் ஒருவருக்குக் கழுத்தை நீட்டி, அந்தக் கலியாணமும் முறிந்து, ஒரு சூட்கேசுடன் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தார். அந்த அடுத்த ஆட்டம் மட்டும் வரவே இல்லை.

முதலில் அலுவலகங்களைத் துப்புரவாக்கினார். பிறகு ஒரு பார்னஹாகேயில், அதாவது பாலர் பள்ளியில், உதவியாளராக வேலை கிடைத்தது. அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து எறியக் காட்டிக்கொடுத்ததை யாரோ ஒரு தாய் பார்த்துவிட்டு, எங்கள் பகுதி விளையாட்டுக் கழகத்தின் கூட்டத்துக்கு மாமியை அழைத்துப்போனார். இந்த நாட்டில் இப்படியான கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. "இந்தப் பொறுப்பை யார் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டதும் எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். பார்க்காமல் நிமிர்ந்து இருப்பவருக்கு அந்த வேலை. மாமிக்கு அந்த வழக்கம் தெரியாது. அன்றுதொடக்கம் அவர் பயிற்சியாளர்.

சும்மா பெயருக்குப் பயிற்சியாளராக இருக்கவில்லை. சனி ஞாயிறுகளில் கழகம் நடத்திய வகுப்புகளுக்குப் போனார். ஹாண்ட்பாலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம் என்பதை ஒரு பெரிய மனக்கசப்புடன் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் எங்களுக்கு அதை அதிகம் பழக்கவில்லை. பிடி, நில், பார், எறி. ஆறேழு வயதில் அவரிடம் வந்த நாங்கள் வருடா வருடம் அவருடனேயே வளர்ந்தோம். பந்து வேண்டுமென்றால் கத்தக்கூடாது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். அப்படி ஒருத்தி நின்றால் அவளைக் காணாததுபோல இருக்கக்கூடாது. எல்லோரும் ஒரே அளவு நேரம் ஆடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. பந்தை யார் தவறவிடுகிறாளோ, அவளுக்கே அடுத்த பந்து போகவேண்டும்.

"ஏன் மாமி?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"விட்ட கையோட ஒருத்தியை வீட்டை அனுப்பக் கூடாது பிள்ளை. அந்தக் கை பிறகு ஒண்டையும் பிடிக்காது" என்றார்.

கழகத்துப் பெற்றோர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் யார் வென்றது என்பதை இந்த நாட்டில் பெரிதாக எடுக்கமாட்டார்கள். எல்லோரும் ஆடவேண்டும், எல்லோரும் சிரிக்கவேண்டும், முடிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பதக்கம். அப்படிப்பட்ட இடத்தில் மாமியைப் போல ஒருவர் கிடைத்தது அவர்களுக்குக் கடவுள் தந்த வரம். பெற்றோர் கூட்டங்களில் மாமியின் சட்டத்தை மற்ற அணிகளுக்கும் சொல்லவேண்டும் என்று பேசினார்கள். மாமி அதையெல்லாம் அப்படியே நம்பினார். அவர்களுக்கு அது பிள்ளைகளின் வயதுக்கான ஓர் ஏற்பாடு. வயது ஏற ஏற அது கழன்றுவிடும் என்று அவர்களில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. மாமிக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விடயம் என்றே அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. அப்பா, தன் தங்கைக்கு இப்படி ஒரு வேலை இருப்பதையே காணாததுபோல நடந்துகொண்டார். கனடாவில் இருந்து பெரியப்பா தொலைபேசியில் கேட்டால் "அவள் பாலர் பள்ளிக்கூடத்தில ரீச்சர்" என்று சொல்லி, கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவார். மாமி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளிக்கிடும்போதெல்லாம் அப்பாவுக்குத் தொண்டை கரகரக்கும்.

"பந்து எறியிறது சின்னப்பிள்ளையளின்ரை வேலை. அந்த நேரத்துக்கு நீ ஏதும் படிச்சிருந்தால் இப்ப ஒரு நேர்ஸ் ஆயிருப்பாய்."

"ஓம் அண்ணை" என்பார் மாமி. சொல்லிக்கொண்டே சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டுவார். அந்த "ஓம் அண்ணை"யில் கோபமே இருக்காது. முறிந்த கலியாணத்துக்கும் சேர்த்து அவர் அண்ணனுக்குத் தலைகுனிந்தே பழகியிருந்தார். மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் அந்தத் தலை நிமிரும். நான் இரண்டு மாமிகளையும் பார்த்தவள். மண்டபத்து மாமிதான் உண்மையான மாமி என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். "உங்களைப் பெரிய பொம்பிளையள் ஆகுமட்டும் நான்தான் பழக்குவன்" என்று எங்களிடம் சொல்வார். அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வசந்தகாலத்தில் ஸ்டோவ்னரில் ஒரு சுற்றுப்போட்டி நடந்தது. யார் வென்றது என்று உண்மையாகவே எண்ணத் தொடங்கும் வயதுக்கு நாங்கள் வந்திருந்தோம். அரையிறுதி ஆட்டம், முடிய இன்னும் சொற்ப நேரம், இரண்டு அணியும் சமம். பார்வையாளர் படிகளில் பெற்றோர் எழுந்து நின்றார்கள். மாமி வழமைபோல ஆட்களை மாற்றினார். கண்ணாடிப் பிள்ளைக்கு உரிய நேரம் வந்திருந்தது, அவளை இறக்கினார். படிகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இறங்கிய கையோடு அவளிடம் ஒரு சுலபமான பந்து வந்தது. தவறவிட்டாள். எதிரணி எறிந்த பந்து நல்லகாலமாகக் கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. பந்து இப்போது எங்கள் அணியின் மிகச் சிறந்த எறிகாரியிடம் இருந்தது. அவளுக்கும் வலைக்கும் நடுவில் கோல் காப்பவளைத் தவிர யாருமே இல்லை. எறிந்திருந்தால் நாங்கள் இறுதியாட்டத்தில்.

ஆனால் ஓரத்தில் கண்ணாடிப் பிள்ளை நின்றாள். முகம் சிவந்து, கைகளை நெஞ்சுக்கு முன்னால் விரித்தபடி நின்றாள். எறிகாரி அவளைப் பார்த்தாள். ஆறேழு வயதிலிருந்து ஊறிய பழக்கம் ஒரு கணத்தில் போகுமா? அவளுக்கே எறிந்தாள். அந்தப் பந்தும் விழுந்தது. எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வலைக்குள் போட்டது. விசில் ஊதிவிட்டார்கள்.

மாமி மைதானத்துக்குள் நடந்துபோய்க் கண்ணாடிப் பிள்ளையின் தோளைப் பிடித்து, பயப்படாமல் இரண்டாம் தரமும் கையை விரித்தாயே, அதுதான் ஆட்டம் என்றார். பிறகு எறிகாரியைக் கட்டிப்பிடித்து, இன்றைக்கு என் பிள்ளைகளிலேயே நீதான் எனக்குப் பெருமை தந்தவள் என்றார். மாமியின் முகம் வென்றவர் முகமாக இருந்தது. படிகளில் பெற்றோர் அமைதியாகத் தங்கள் மேலங்கிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் என்றால் அந்த இடத்திலேயே கிழிகிழியென்று கிழித்திருப்பார்கள், நானும் அவர்களுக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அறிந்திருப்பேன். சத்தம் இல்லாததால் எல்லாம் நலம் என்று நினைத்தேன்.

அதன்பின் சில நாள் கழித்து, எனக்குச் சப்பாத்து வாங்க மாமியும் நானும் ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குப் போனோம். அணிப் பொறுப்பாளர் மாமியை அங்கே கோப்பி குடிக்க வரச் சொல்லியிருந்தார். சிவப்புத் தாடி வைத்த, நல்ல சிரிப்புள்ள மனிதர். எங்கள் எறிகாரியின் தகப்பன். எனக்கு மஞ்சள் கஸ்டர்ட் வைத்துத் தேங்காய்ப்பூ தூவிய ஒரு பெரிய பணிஸ் வாங்கித் தந்தார். நான் அதைத் தின்றுகொண்டே அவர்கள் கதைத்ததை முழுவதும் கேட்டேன். எல்லாம் நோர்வேஜிய மொழியில், எனக்குத் தெரியாத சொல் ஒன்றும் அதில் இருக்கவில்லை. மாமி இத்தனை வருடம் செய்தது ஈடு இணையில்லாத வேலை என்றார். பிள்ளைகள் இனி ஒரு புதிய கட்டத்துக்குப் போகிறார்கள் என்றார். மாமிக்கும் தன் மாலைநேரங்கள் தனக்கென்று கிடைக்கவேண்டாமா என்றார். பருவ முடிவில் எல்லோரும் கூடி மாமிக்கு முறையாக நன்றி சொல்ல விரும்புகிறோம் என்றார். ஒவ்வொரு வசனத்துக்கும் சிரித்தார். இவ்வளவு அன்பான மனிதர் ஏன் இப்படித் தாடியைச் சொறிந்துகொள்கிறார் என்று நான் யோசித்தேன்.

மாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தக் கண்ணாடிப் பிள்ளை?"

ஒவ்வொருவரும் தத்தம் தரத்துக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடிப்பார்கள் என்று சிவப்புத் தாடி சொன்னார். மாமி தலையாட்டினார். அவருடைய கோப்பி அப்படியே ஆறிப்போயிருந்தது. வரும்போது ரயிலில் சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன்.

"மாமி, உங்களுக்கு விழா வைக்கப்போகினம் என்ன?"

"ஓம் பிள்ளை. வைக்கப்போகினம்" என்றார். மாமி யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை எல்லாப் பெற்றோருக்கும் செய்தி வந்தது. பருவத்தின் கடைசிக் கூடல், கேக், கோப்பி, எங்கள் அன்பான பயிற்சியாளருக்கு நன்றி கூறல். சாப்பாட்டு மேசையில் அப்பா கைத்தொலைபேசியைத் தூரத்தில் பிடித்து அதை வாசித்தார். பிறகு இன்னொரு தரம் சத்தமாக வாசித்தார். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் கண்டதில்லை.

"பாத்தியே! எங்கடை ஆளுக்கு வெள்ளையள் பாராட்டு விழா எடுக்கிறாங்கள்!"

மாமி கையில் சோற்றைப் பிசைந்தபடி வாயைத் திறந்தார். "இல்லை அண்ணை, அது சும்மா ஒரு கேக் வெட்டுகினம். அவ்வளவுதான்."

"சும்மா கேக் வெட்டுறதெண்டால் என்னத்துக்கு எங்களுக்கெல்லாம் எழுதுகினம்? உனக்கு உன்ரை பெறுமதி தெரியாது" என்றார் அப்பா. அப்பாவா அப்படிச் சொன்னார்! எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டுக் கனடாவுக்கு அழைத்தார். பிறகு லண்டனுக்கு. ஒவ்வொரு அழைப்பிலும் மாமியின் சேவைக்காலம் சற்று நீண்டது, பிள்ளைகளின் தொகை சற்றுக் கூடியது. "ஓம், கோச். கோச்சாத்தான் இருக்கிறாள். ஏன், உங்களுக்கு நான் சொல்லேல்லையே?" என்று அவர் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. மாமி சோற்றுக் கோப்பையின் முன்னால் அசையாமல் இருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சேலை கட்டப்போகிறீர்கள் மச்சாள் என்று அம்மா கேட்டதற்கு, நீங்களே ஒன்று எடுத்துத் தாங்கோ என்றார்.

விழா என்றால் எப்படி நடத்துவது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா இரண்டு நாள் ரோல்சும் வடையும் சுட்டார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கலைவிழாவில் மிஞ்சிய, மஞ்சள் கரையிட்ட பொன்னாடை ஒன்று வந்து சேர்ந்தது. சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்த தட்டத்துடன் பன்னீர்ச் செம்பையும் என் கையில் தந்து வாசலில் நிறுத்தினார்கள். மண்டபத்துக்குள் வெளிச் சப்பாத்தோடு போகக்கூடாது என்பது அங்கே கடுமையான விதி. எங்கள் ஆட்கள் அதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார்கள். கோயில் மாதிரித்தான் வைத்திருக்கிறார்கள் என்று பட்டுச் சேலைகளும் கோட்டு சூட்டுகளும் வெறுங்காலுடன் உள்ளே போயின. நோர்வேஜியப் பெற்றோர் சாதாரண உடுப்பில், மண்டபத்துக்குள் போடும் சப்பாத்தோடு, கையில் கோப்பிக் குவளையோடு வந்தார்கள். ஒவ்வொருவர் மேலும் நான் பன்னீர் தெளித்தேன். ஒருவர் தன் கைத்தொலைபேசியைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிப் பிள்ளையின் தாய் மட்டும் கண்ணை மூடி, முகத்தை நீட்டிப் பன்னீரை வாங்கிக்கொண்டார். கேக் செய்து கொண்டுவந்தவர் அவர்தான். அவருடைய மகள் அவருக்குப் பின்னால் ஒளிந்தபடி உள்ளே போனாள்.

சிவப்புத் தாடி எங்கள் கூட்டத்தைக் கண்டு ஒரு கணம் திகைத்துப் போனார். பிறகு எல்லோருக்கும் கைகொடுத்தார். அம்மா தன் ரோல்ஸ் தட்டை அவர்களுடைய வாஃபிள்களுக்கு முன்னால் வைத்தார். மாமி சேலைக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்து போட்டிருந்தார். மண்டபத்துக்குள் மட்டும் போடும் அவருடைய பழைய வெள்ளைச் சப்பாத்து. அம்மா அதைக் கண்டு பல்லைக் கடித்தார்.

சிவப்புத் தாடி சுருக்கமாகப் பேசிப் பூங்கொத்து கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நிகழ்ச்சி அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அப்பா முன்னால் வந்துவிட்டார். பொன்னாடையை விரித்து மாமியின் தோளில் போர்த்தினார். இரவிரவாகப் பாடமாக்கிய நோர்வேஜியப் பேச்சைத் தொடங்கினார். யுத்தத்தால் ஆட்டம் நின்றுபோன ஒரு பிள்ளைக்கு இந்த நாடு மறுபடியும் பந்தைக் கொடுத்திருக்கிறது என்றார். ஓர் அண்ணனாகத் தான் இதுவரை அதை உணரவில்லை என்றார். இன்று நீங்கள் கொடுக்கும் மரியாதை எங்கள் குடும்பம் முழுவதற்கும் ஆனது என்றார். கடைசியாக மாமியின் பக்கம் கையை நீட்டி, இம்முறை கிண்ணம் தவறியது உண்மை, ஆனால் அடுத்த வருடம் இவள் அதை உங்களுக்குக் கொண்டுவந்து தருவாள், இது என் வாக்கு என்று முடித்தார்.

நோர்வேஜியப் பெற்றோர் எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்க, எல்லோரும் பலமாகத் தட்டினார்கள். எங்கள் ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது, அவ்வளவு பெருமை. மாமி பூங்கொத்தைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சிவப்புத் தாடி தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் இளைஞரை முன்னால் அழைத்தார். பெரிய கழகமொன்றில் ஆடியவர், அகலத் தோள், இலையுதிர் காலத்தில் இருந்து அணியை முன்னெடுத்துச் செல்வார் என்று அறிமுகப்படுத்தினார். அப்பா ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். மாமிக்குக் கீழே உதவிக்கு ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்பாவின் எண்ணம். எனக்கு அதைவிடப் பெரிய எண்ணம். வகுப்பாசிரியை அதிபராவதுபோல மாமிக்கு ஏதோ பதவி உயர்வு என்று நான் முடிவுகட்டிவிட்டேன். "நல்லாப் பாத்துப் பழகு தம்பி, இவள் பொல்லாதவள்" என்று அப்பா அவரிடம் தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். அந்த இளைஞரும் சிரித்தார்.

கோடை விடுமுறை முடிந்து முதல் பயிற்சிக்கு நான் தனியே பையைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டபோதுதான் அப்பாவுக்கு விளங்கியது. மாமி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா வாசலுக்கும் குசினிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமா இருந்தனீங்கள் அண்ணை" என்றார் மாமி.

அப்பா கொஞ்சக் காலம் கனடா அழைப்புகளை எடுக்கவில்லை. பொன்னாடை எங்கோ அலுமாரிக்குள் போய்விட்டது. மண்டபத்தில் புதியவர் எங்களைப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழக்கினார். தவறவிட்டவள் ஓரத்தில் இருந்த நீள வாங்கில் போய் உட்காரவேண்டும். நானும் கண்ணாடிப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முதல் பனி விழுவதற்குள் அவள் நின்றுவிட்டாள், அவளுக்குப் பின்னால் நான். அணி அந்த வருடம் கிண்ணத்தை வென்றது என்று கேள்விப்பட்டேன். அதுவும் உண்மை, அதை மறைத்து என்ன பயன்.

மாமி பிறகு நகரத்தின் மறு அந்தத்தில், மோர்டென்ஸ்ருட்டில், தனியாக வீடு எடுத்துப் போனார். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. டிசம்பரில், நத்தார் காலத்தில், பெண்கள் ஹாண்ட்பால் தொலைக்காட்சியில் வரும்போது நாடே அதன் முன்னால் இருக்கும். மாமி அந்தக் கிழமைகளில் தொலைக்காட்சியைப் போடுவதே இல்லை. நான் போனால் தேத்தண்ணி தருவார், வேலையைப் பற்றிக் கேட்பார், குளிரைப் பற்றிக் கதைப்பார். அவரை எந்த வழியால் திருப்பிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. வழி இருக்கும் என்றும் நான் இப்போது நம்பவில்லை. பலமுறை முயன்று பார்த்தாகிவிட்டது. "அதெல்லாம் முடிஞ்சுது பிள்ளை" என்பார், முன்பு "ஓம் அண்ணை" என்ற அதே குரலில்.

விழா முடிந்த அந்த நேரம் மட்டும் என் கண்ணை விட்டுப் போவதில்லை. எங்கள் ஆட்கள் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். புதியவர் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, பந்தை முதுகுக்குப் பின்னாலிருந்து எறிந்து வேடிக்கை காட்டினார். பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். ஒரு பந்து யாருடைய கையிலோ பட்டு உருண்டு வந்து என் காலில் முட்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மைதானத்தின் மறு ஓரத்தில் மாமி தனியே நின்றார். பூங்கொத்தை வாங்கில் வைத்துவிட்டிருந்தார். பட்டுச் சேலை, தோளில் பொன்னாடை, காலில் அந்த வெள்ளைச் சப்பாத்து. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் விரிந்திருந்தன. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொன்னாடை வழுகிவிடாமல் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பன்னீர்ச் செம்பைப் பத்திரமாக எடுத்து வரச் சொல்லி அம்மா கூப்பிட்டார். பந்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடினேன்.